தோல் மருத்துவர்களுக்கான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு: பாலிசி எடுப்பது முதல் கிளைம் வரை முழுமையான வழிகாட்டி

1998-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கொல்கத்தா வந்திருந்த அனுராதா சாகாவுக்குத் தோலில் தடிப்புகள் எழுந்தன. ஒவ்வாமை என்று கருதி, நெடுநேரம் உடலில் தங்கும் ஸ்டீராய்டு ஊசி நாளுக்கு இருமுறை 80 மில்லிகிராம் வீதம் பரிந்துரைக்கப்பட்டது. டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்ற, தோல் வெந்ததுபோல் உரியும் நோய் முற்றி, அந்த ஆண்டு மே மாதத்திலேயே அவர் இறந்தார். அவருடைய கணவர் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 6 கோடி ரூபாய் இழப்பீடும் அதற்கு 6 விழுக்காடு வட்டியும் விதித்தது. பெரும்பகுதியை மருத்துவமனை கட்டவேண்டியிருந்தது; மூன்று மருத்துவர்கள் தத்தம் பங்காக 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை கட்டவேண்டியிருந்தது. இந்திய மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இந்த வழக்கு ஒரு தோல் தடிப்பில் தொடங்கியது என்பதைத் தோல் மருத்துவர்கள் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தங்கள் துறையில் உயிராபத்து அரிது, அதனால் வழக்கும் அரிது என்ற நம்பிக்கை அவர்களிடையே பரவலாக இருக்கிறது.

அந்த நம்பிக்கை இன்றைய தோல் கிளினிக்குக்குப் பொருந்தாது. லேசர், தோலின் மேலடுக்கை ரசாயனத்தால் உரிக்கும் கெமிக்கல் பீல், தோலுக்குள் ஊசியால் நிரப்பும் ஃபில்லர், போடாக்ஸ், முடி நடுதல் ஆகியவை வெளிநோயாளர் அறைக்குள் வந்துவிட்ட பிறகு, நோயாளி கட்டும் தொகையும் அவருடைய எதிர்பார்ப்பும் சேர்ந்தே உயர்ந்துவிட்டன. குறை ஏற்பட்டால் அது முகத்தில் தெரிகிறது, கைப்பேசியில் படமாகவும் பதிவாகிறது. இத்தகைய நிலையில் மருத்துவர்கள் எடுக்கும் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு, பேச்சு வழக்கில் இன்டெம்னிட்டி பாலிசி, உண்மையில் எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதை இந்தியச் சட்டத்தின் அடிப்படையில், தமிழ்நாட்டில் கிளினிக் நடத்தும் ஒரு தோல் மருத்துவரை மனத்தில் வைத்துப் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: பொறுப்பு எந்த வாசல்கள் வழியாக வரும் என்று அறிதல்

ஒரே சம்பவத்துக்காக ஒரு மருத்துவர் நான்கு இடங்களில் பதில் சொல்ல நேரலாம். அவற்றுள் முதன்மையானது நுகர்வோர் ஆணையம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது; 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின் கீழும் அந்த நிலையே தொடர்கிறது. புதிய சட்டத்தில் மருத்துவர்கள் கவனிக்கவேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதைக் கேட்கப்படும் இழப்பீட்டுத் தொகை முடிவு செய்வதில்லை, நோயாளி சேவைக்காகக் கொடுத்த தொகையே முடிவு செய்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவை என்றால் மாவட்ட ஆணையம். ஆகவே 8,000 ரூபாய் கட்டணத்தில் செய்த ஒரு பீல் சிகிச்சைக்கு 80 லட்சம் இழப்பீடு கேட்டாலும் வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே போகும். அதுவும் நோயாளி வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். கோயம்புத்தூரில் கிளினிக் வைத்திருப்பவர் திருநெல்வேலிக்கு அலைய நேரலாம் என்பது இதன் பொருள்.

இரண்டாவது உரிமையியல் நீதிமன்றம். இலவச சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராதபோதும் இந்த வழி திறந்தே இருக்கும். மூன்றாவது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அங்கே பணயம் பணமன்று, பதிவேட்டில் இருக்கும் பெயர். நான்காவது குற்றவியல் வழக்கு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, மருத்துவச் செயல்முறையின்போது கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், குற்றவியல் பொறுப்புக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை என்றும், மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்குமுன் அதே துறையைச் சேர்ந்த, சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெறவேண்டும் என்றும் சொன்னது இன்றைக்கும் பெரிய அரண்.

இன்டெம்னிட்டி பாலிசி முதல் இரண்டு வாசல்களுக்கானது. இழப்பீட்டுத் தொகையையும் வழக்குச் செலவையும் அது ஏற்கும். கவுன்சில் விசாரணைக்கும் குற்றவியல் வழக்குக்கும் வழக்கறிஞர் செலவைச் சில பாலிசிகள் மட்டும், பெரும்பாலும் தனி உச்சவரம்புடன் தருகின்றன. அபராதத்தையும் தண்டனைத் தன்மையுள்ள தொகையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாம் படி: கிளினிக்கில் உண்மையில் நடப்பதை எழுதிப் பார்த்தல்

முகவரை அழைக்குமுன் ஒரு வேலை செய்யவேண்டும். கடந்த 3 மாதப் பதிவேட்டை எடுத்து, எத்தனை விதமான செயல்முறைகள் நடந்திருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதவேண்டும். தோல் நோய்க்கு மருந்து எழுதுவது ஒரு வகை. பயாப்ஸி, மரு நீக்கம், எலக்ட்ரோகாட்டரி போன்ற சிறு அறுவை இன்னொரு வகை. முடி நீக்கும் லேசர், பச்சை குத்தியதை அழிக்கும் லேசர், பீல், நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைச் செலுத்தும் பி.ஆர்.பி., நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் வேறொரு வகை; ஃபில்லர், நூல் கொண்டு முகத்தைத் தூக்குதல், முடி நடுதல், கொழுப்பு உறிஞ்சுதல் ஆகியவை கடைசி வகை. கைப்பேசி வழி ஆலோசனை தருகிறீர்களா, அழகு நிலையத்தில் ‘வருகை மருத்துவர்’ ஆக இருக்கிறீர்களா, வேறு ஊரில் மாதம் இரு நாள் கேம்ப் நடத்துகிறீர்களா என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

இந்தத் தாள்தான் மீதி எல்லாப் படிகளுக்கும் அடிப்படை. மருத்துவர்களைக் கத்தி எடுப்பவர், எடுக்காதவர் என்று இடர்ப் பிரிவுகளாகப் பிரித்தே காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியம் கணக்கிடுகின்றன. தோல் மருத்துவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். முகவர் விற்பனையை விரைவாக முடிக்க விரும்பினால், அறுவை செய்யாத மருத்துவர் என்ற குறைந்த பிரீமியக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். பிரீமியம் குறையும், பாதுகாப்பும் அந்த ஒரு டிக்கோடு போய்விடும்.

மூன்றாம் படி: விலக்குகளை முதலில் படித்தல்

பாலிசியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் தொகையை எல்லோரும் பார்க்கிறோம். தோல் மருத்துவர் முதலில் பார்க்கவேண்டியது விலக்குகள் என்ற பகுதி. இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க நேரமிருக்கிறது என்றால் இதையே கடைப்பிடிக்கச் சொல்வேன்.

இந்தியாவில் புழங்கும் மருத்துவர் இன்டெம்னிட்டி பாலிசிகள் பலவற்றில் அழகுக்கான பிளாஸ்டிக் அறுவை விலக்கப்பட்டிருக்கிறது. அந்த விலக்கு வாசகத்தோடு முடி நடுதல், பஞ்ச் கிராஃப்ட் (சிறு தோல் துண்டை எடுத்து வேறிடத்தில் பதித்தல்), ஃபிளாப் (அருகிலுள்ள தோலை நகர்த்தி மூடுதல்) போன்ற சொற்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. விபத்து, தீக்காயம், பிறவிக் குறை ஆகியவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கும். இங்கேதான் தோல் மருத்துவருக்குச் சிக்கல். வெண்புள்ளி நிலைத்துவிட்ட நோயாளிக்குச் செய்யும் பஞ்ச் கிராஃப்ட் நம் பார்வையில் சிகிச்சை. பாலிசியின் சொற்களை அப்படியே படித்தால் அது விலக்கப்பட்ட செயல்முறை. முகப்பருத் தழும்புக்கான லேசர் சிகிச்சையா, அழகூட்டலா? மங்குக்குச் செய்யும் பீல்? முகத்தில் முடி வளரும் ஹார்மோன் கோளாறுள்ள பெண்ணுக்குச் செய்யும் லேசர்? இக்கேள்விகளுக்கு மருத்துவ நூல்கள் ஒரு பதிலும், கிளைமைப் பரிசீலிக்கும் அதிகாரி வேறொரு பதிலும் சொல்ல முடியும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்பவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிய மருத்துவர்.

ஆகவே இரண்டாம் படியில் எழுதிய பட்டியலை அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொரு செயல்முறைக்கும் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் கேட்கவேண்டும். அவ்வளவு போதாது, உண்டு என்று அவர்கள் சொல்பவை பாலிசியோடு இணைக்கும் எண்டார்ஸ்மெண்ட் தாளில் பெயர் பெயராக ஏறவேண்டும். ‘அழகியல் செயல்முறைகளும் அடங்கும்’ என்ற முகவரின் வாட்ஸ்அப் செய்தி பிற்பாடு வாதத்துக்கு உதவலாம், ஒப்பந்தமாகாது. கூடுதல் பிரீமியம் கேட்டால் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. லேசரும் ஃபில்லரும் வருமானத்தில் பாதியாக இருக்கும் கிளினிக்கில், அவற்றை விட்டுவிட்ட பாலிசி பாதிக் கூரை போட்ட வீடு.

மற்ற விலக்குகளை விரைவாகப் பார்த்துவிடலாம். எடை குறைப்பு மருந்துகள், போதையில் செய்த சிகிச்சை, சட்டத்தை மீறிய செயல், எச்.ஐ.வி. தொடர்பான பொறுப்பு, பாலிசிக்கு முன்பே தெரிந்திருந்த புகார் ஆகியவை பெரும்பாலும் விலக்கப்படும். ஒப்பந்தத்தால் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்ற விலக்கை மட்டும் தோல் மருத்துவர்கள் நின்று படிக்கவேண்டும். ‘6 அமர்வில் தழும்பு முழுதாக மறையும், இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும்’ என்று விளம்பரத்திலோ பேக்கேஜ் ரசீதிலோ எழுதிவிட்டால், அந்த உறுதிமொழியால் எழும் கோரிக்கையை நிறுவனம் ஏற்காது. மருத்துவர் தன்னை விளம்பரம் செய்துகொள்வதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளும் தடைசெய்கின்றன என்பதால் அந்த ஒரே ரசீது இரண்டு பக்கமும் வெட்டும்.

தகுதி பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவர் இறந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய செயல்முறைகளை முறையான பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே செய்யவேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்ததைப் பயிற்சியாகக் கொள்ள முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது. பயிற்சிச் சான்று இல்லாத செயல்முறையில் தவறு நேர்ந்தால், தகுதியில்லாத செயல் என்ற காரணத்தைக் காட்டிக் கிளைமை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் செயல்முறைக்கும் பெற்ற பயிற்சிச் சான்றை ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது.

நான்காம் படி: தொகையையும் தேதியையும் புரிந்துகொள்ளுதல்

பாலிசித் தொகை இரண்டு எண்களாக வரும். ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பது முதல் எண். ஓராண்டில் எல்லாச் சம்பவங்களுக்கும் சேர்த்து எவ்வளவு என்பது இரண்டாவது. 1:1, 1:2, 1:4 என்று விகிதமாக எழுதுவார்கள். ஒரு சம்பவத்துக்கு 50 லட்சம், விகிதம் 1:2 என்றால் ஆண்டு முழுதுக்கும் 1 கோடி. தனி மருத்துவருக்கு ஒரே ஆண்டில் நான்கு வழக்குகள் வருவது அரிது என்பதால், விகிதத்தை உயர்த்துவதைவிட முதல் எண்ணை உயர்த்துவதே பயனுள்ளது. பெரும்பாலான பாலிசிகளில் வழக்கறிஞர் கட்டணமும் நிபுணர் கட்டணமும் அதே தொகைக்குள்ளிருந்துதான் போகும். பத்தாண்டு நீளும் வழக்கில் அந்தக் கழிவு சிறிதன்று. ஒவ்வொரு கிளைமிலும் மருத்துவர் கையிலிருந்து முதலில் போடவேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் கேட்கவேண்டும். பிரீமியத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும்.

தேதிதான் இதைவிட நுட்பமானது. வாகனக் காப்பீட்டில் விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும். இன்டெம்னிட்டி பாலிசி அப்படியல்ல: சிகிச்சை, பாலிசியில் குறித்திருக்கும் ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு (எந்த நாள் முதலான சிகிச்சைகளுக்குப் பாதுகாப்பு என்று காட்டும் தேதி) பிறகு நடந்திருக்கவேண்டும், கோரிக்கை, பாலிசி நடப்பில் இருக்கும்போது எழுந்து, அப்போதே நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஒருவர் 2021 ஜூனில் முதன்முதலாகப் பாலிசி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் அவர் செய்த பீல் சிகிச்சைக்கு 2025 பிப்ரவரியில் புகார் வருகிறது. நுகர்வோர் சட்டத்தின் 2 ஆண்டுக் காலவரம்புக்குள் வந்த புகார் அது. இடைவிடாமல் புதுப்பித்திருந்தால் அவருடைய ரெட்ரோஆக்டிவ் தேதி 2021 ஜூனிலேயே நிற்கும், நடப்புப் பாலிசி பதில் சொல்லும். 2024 ஜூனில் மறந்துவிட்டுச் செப்டம்பரில் புதிதாக எடுத்திருந்தால், புதிய தேதி 2024 செப்டம்பர். பழைய பாலிசியும் இல்லை, புதிய பாலிசியும் 2023-இன் சிகிச்சைக்கு வராது. மூன்று மாத மறதி மூன்றாண்டுப் பிரீமியத்தைத் தின்றுவிடும். நிறுவனத்தை மாற்றும்போதும் பழைய தேதியைப் புதிய பாலிசியின் அட்டவணையில் எழுதிவாங்கிய பிறகே பழையதை விடவேண்டும்.

ஐந்தாம் படி: விண்ணப்பப் படிவத்தைத் தானே நிரப்புதல்

காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மேல் நிற்பது. கேட்டதை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். முகவர் நிரப்பிய படிவத்தில் கையெழுத்து மட்டும் போடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த ஒரு பாலிசிக்கு அதைக் கைவிடவேண்டும். எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று தகுதியும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் சரியாக இருக்கவேண்டும். வேலை செய்யும் இடங்கள் அனைத்தும் ஏறவேண்டும். கடந்த காலத்தில் வந்த வக்கீல் நோட்டீஸ், கவுன்சில் புகார், பணம் கொடுத்துத் தீர்த்த சச்சரவு ஆகியவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பழைய புகாரைச் சொன்னால் பிரீமியம் கூடலாம். சொல்லாமல் விட்டால் பின்னால் வரும் எல்லாக் கிளைமும் கேள்விக்குள்ளாகும். நிரப்பிய படிவத்தின் நகலைப் பாலிசியோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆறாம் படி: யாருக்கெல்லாம் பாதுகாப்பு என்று பார்த்தல்

மருத்துவர் பெயரில் எடுத்த பாலிசி மருத்துவரைக் காக்கும். லேசர் கருவியை இயக்குபவர் ஓர் உதவியாளர், தீக்காயம் ஏற்பட்டுவிட்டது என்றால், அவர் செய்த தவறுக்கு முதலாளி என்ற முறையில் மருத்துவர் பொறுப்பாவார். அந்தப் பொறுப்பைப் பாலிசி ஏற்குமா என்பது படிவத்தில் தகுதியுள்ள உதவியாளர், தகுதியில்லாத உதவியாளர் எத்தனை பேர் என்று அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டினீர்களா என்பதைப் பொறுத்தது. தோல் கிளினிக்குகளில் லேசர் தீக்காயம் பெரும்பாலும் கருவியை இயக்கும் கையிலிருந்தே வருகிறது. நம் மக்களின் தோல் நிறத்துக்கு ஏற்ப ஆற்றலைக் குறைக்காமல் இயக்கினால் கருமை படிவதும் கொப்புளம் வருவதும் எளிதில் நேரும். ஆகவே இந்தக் கூடுதலை விட்டுவிடுவதற்கில்லை.

கிளினிக் ஒரு நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ பதிவாகியிருந்தால், நோட்டீஸ் அந்தப் பெயருக்கும் வரும். அதற்கு மருத்துவ நிறுவனங்களுக்கான தனிப் பாலிசி தேவை. கார்ப்பரேட் தோல் கிளினிக்கில் ஆலோசகராக வேலை செய்பவர்கள், நிறுவனத்தின் பாலிசி தங்களையும் பெயர் சொல்லிக் காக்கிறதா என்று அதன் நகலைக் கேட்டுப் பார்க்கவேண்டும். ‘எல்லா இழப்பையும் மருத்துவரே ஈடுசெய்வார்’ என்ற வரி வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டவேண்டும். அரசு மருத்துவமனையில் பகலிலும் சொந்தக் கிளினிக்கில் மாலையிலும் பார்ப்பவர்களுக்கு மாலை வேலைக்குப் பாலிசி கட்டாயம் வேண்டும். ஈரத் தரையில் நோயாளி வழுக்கி விழுவது, லேசர் கருவி எரிவது, புகைப்படங்கள் திருடுபோவது ஆகியவை இந்தப் பாலிசியின் வேலைகள் அல்ல. அவற்றுக்கு வேறு காப்பீடுகள் உண்டு.

ஏழாம் படி: எங்கே வாங்குவது

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்படப் பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும், தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் இதை விற்கின்றன. இந்திய மருத்துவச் சங்கத்தின் அமைப்புகள் நடத்தும் தொழில் பாதுகாப்புத் திட்டங்களும் உண்டு. சங்கத் திட்டத்தின் பலம், நோட்டீஸ் வந்த அன்றே சக மருத்துவர்களும் அனுபவமுள்ள வழக்கறிஞர்களும் உடன் நிற்பது. அது காப்பீட்டு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பாலிசியா, உறுப்பினர்களின் பொதுநிதியா, உச்சவரம்பு எவ்வளவு என்பவற்றை விதிகளில் படித்தறியவேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் ஒன்றிருப்பதை மற்றதற்கு அறிவிக்கவேண்டும். வழக்கறிஞரை நானே தேர்ந்தெடுக்கலாமா, என் சம்மதமில்லாமல் சமரசம் செய்வீர்களா, மேல்முறையீட்டுக்குக் கட்டவேண்டிய முன்பணத்தைத் தருவீர்களா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே ஒரு நிறுவனத்தின் தரம் பாதி தெரிந்துவிடும். மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம். விதித்த தொகையில் 50 விழுக்காட்டைக் கட்டினால்தான் மனுவே ஏற்கப்படும் என்பதால் மூன்றாவது கேள்வி வெறும் சம்பிரதாயமில்லை.

எட்டாம் படி: பாலிசி நிற்கும் தரையைக் கட்டுதல்

நிறுவனம் அனுப்பும் வழக்கறிஞர் கையில் கிளினிக்கின் காகிதங்கள்தான் ஆயுதம். சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஒரு செயல்முறைக்குக் கொடுத்த ஒப்புதல் வேறொன்றுக்குச் செல்லாது என்றும், பயன், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைச் சொல்லிப் பெற்றதே ஒப்புதல் என்றும் தெளிவாக்கியது. எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இதனால் பயனற்றுப்போகிறது. ஃபில்லருக்கான தாளில் இரத்தக் குழாய் அடைபட்டுப் பார்வை போகும் அரிய ஆபத்து இருக்கவேண்டும். பீலுக்கான தாளில் கருமை படியும் வாய்ப்பும் வெயில் தவிர்க்கும் அறிவுரையும் இருக்கவேண்டும். நோயாளிக்குத் தமிழ்தான் தெரியும் என்றால் தாளும் தமிழில் இருக்கவேண்டும். தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கமான ஐ.ஏ.டி.வி.எல். லேசர், முடி நடுதல், வெண்புள்ளி அறுவை முதலியவற்றுக்குச் செயல்தர வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பின்பற்றிய பதிவு இருந்தால், துறையில் ஏற்கப்பட்ட முறைப்படிதான் சிகிச்சை நடந்தது என்ற வாதம் உறுதிப்படும்.

அழகூட்டலைப் பற்றி இவ்வளவு எழுதியதால் மருந்துச் சீட்டின் ஆபத்தை மறந்துவிடக் கூடாது. சொரியாசிஸுக்கு எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை விழுங்கவேண்டியது. சீட்டில் அது தெளிவில்லாமல் போய் நோயாளி தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று கிழமையைத் தமிழில் எழுதுவது எந்தக் காப்பீட்டையும்விட மேலானது. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் கருவைச் சிதைக்கும் என்பதைப் பெண் நோயாளிக்குச் சொன்னதும், கர்ப்பப் பரிசோதனை செய்ததும் பதிவாகவேண்டும். தொழுநோய் முதலியவற்றுக்கான டாப்சோன் மருந்தைத் தொடங்குமுன் ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாட்டுக்கான பரிசோதனையும், அதன் ஒவ்வாமை அறிகுறிகள் பற்றிய எச்சரிக்கையும் அப்படியே.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த, தேதியுள்ள படங்கள் தோல் மருத்துவரின் சிறந்த சாட்சி. அவற்றை இன்ஸ்டாகிராமில் போடத் தனி ஒப்புதல் வேண்டும். பதிவேடுகளை 3 ஆண்டு வைத்திருக்கவேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது ஒழுக்க விதி. வழக்குகளின் நீளத்தைப் பார்த்தால் 3 ஆண்டு போதாது. குழந்தைகளின் பதிவுகளை அவர்கள் 18 வயது தாண்டி மேலும் சில ஆண்டுகள் வரை வைத்திருப்பது பாதுகாப்பானது.

ஒன்பதாம் படி: சம்பவம் நடந்தால், நோட்டீஸ் வந்தால்

கொப்புளம் எழுந்த அன்றே நோயாளியை வரவழைத்துப் பார்த்து, கட்டணமின்றிச் சிகிச்சை தந்து, நடந்ததை மறைக்காமல் விளக்கவேண்டும். வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை. ‘என் பிழைதான், பணம் தந்துவிடுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பதும் நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமின்றிப் பணம் கொடுப்பதும் பாலிசியின் நிபந்தனைகளை மீறுவதாகும். அன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பவேண்டும்: இன்ன நாளில் இன்ன சிகிச்சையில் இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது, கோரிக்கை வரக்கூடும் என்று. பல பாலிசிகளில் இப்படி முன்னறிவித்த சம்பவத்துக்குப் பின்னாளில் வழக்கு வந்தாலும் அறிவித்த ஆண்டின் பாலிசியே பொறுப்பேற்கும்.

வக்கீல் நோட்டீஸ் என்பதே கோரிக்கைதான். மிரட்டல் என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஆணையத்தின் சம்மன் வந்தபிறகு, அதற்குள் புதுப்பிக்கப்பட்ட பாலிசியில் கிளைம் செய்தால், முன்பே தெரிந்த கோரிக்கை என்று மறுத்துவிடுவார்கள். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எழுத்துபூர்வ பதிலுக்கு 30 நாள். அதிகபட்சம் மேலும் 15 நாள். அந்த 45 நாளுக்கு அப்பால் ஒரு நாள்கூடத் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் முடிவு செய்துவிட்டது. ஆகவே நோட்டீஸ் வந்த உறையையும் சேர்த்து ஸ்கேன் செய்து அன்றே அனுப்பி, நிறுவனம் 10 நாளுக்குள் வழக்கறிஞரை நியமிக்காவிட்டால் அவர்களுக்கு அறிவித்துவிட்டுத் தானே ஒருவரை அமர்த்திப் பதிலைத் தாக்கல் செய்யவேண்டும். செலவைப் பின்னர் வாதாடிப் பெறலாம், போன தேதியைப் பெற முடியாது.

பழைய பதிவேட்டில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது. விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், இன்றைய தேதியிட்டுத் தனித் தாளில் எழுதி வழக்கறிஞரிடம் கொடுக்கவேண்டும். வேறு மையின் ஒரு வரி, முழுப் பதிவேட்டின் நம்பகத்தையும் அழித்துவிடும்.

கிளைம் மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின்கீழ் என்று எழுத்தில் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும், பின்னர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்துக்கும் போகலாம். தனி உரிமையாளராகக் கிளினிக் நடத்துபவர் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனை (குறைதீர்ப்பாளரை) அணுகிப் பார்க்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் சேவைக் குறைபாட்டுக்காக மருத்துவரே நுகர்வோர் ஆணையத்தின் படியேறவும் வழி உண்டு.

பத்தாம் படி: புதுப்பித்தல், மாற்றம், ஓய்வு

புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டாம் படியின் தாளைத் திருத்தவேண்டும். ஆண்டின் நடுவில் புதிய லேசர் வாங்கினால் புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் முதல் நோயாளிக்கு முன்பே எண்டார்ஸ்மெண்ட் வாங்கவேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களுக்குக் கைப்பேசி வழி ஆலோசனை தருபவர்கள், பாலிசியின் எல்லை இந்தியா மட்டும்தானா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

தொழிலை விடுபவர்கள் பாலிசியையும் அன்றே விட்டுவிடுவது வழக்கம். கடைசியாகப் பார்த்த நோயாளி இன்னும் 2 ஆண்டு வரை புகார் கொடுக்கலாம். பாதிப்பு பிந்தி வெளிப்பட்டால் அந்த 2 ஆண்டைக் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணவும் இடமுண்டு. காலாவதியான பின் கோரிக்கையை அறிவிக்க 90 நாள் போன்ற குறுகிய அவகாசமே பல பாலிசிகளில் இருக்கும். ஆகவே கிளினிக்கை மூடிய பிறகும் குறைந்தது 3 ஆண்டு, கிடைக்கும் குறைந்த பிரீமியத்தில், பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியோடு பாலிசியைத் தொடரவேண்டும். பாலிசி எண், புதுப்பிக்கும் நாள், பதிவேடுகள் இருக்கும் அலமாரி ஆகிய மூன்றையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவைக்கவேண்டும்.